சேரும் கிலோவும்: அளவைச் சொற்கள் தெளிந்த வரலாறு

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களிற் குடியேறிய நம்முடைய வீடுகளிற் பெரும்பாலும் ஒரு பழைய பெட்டி இருக்கும். அதனுள் முன்னோர் எழுதிவைத்த தாள்கள் சில கிடக்கும். ஊறுகாய்க்கும் வடகத்திற்கும் பாட்டி எழுதிய கைக்குறிப்பு ஒன்று. ஊரிலுள்ள நிலத்தின் கிரயப் பத்திரம் ஒன்று. திருமணத்தின்போது எழுதிய நகைப் பட்டியல் ஒன்று. முதலாவதில் ‘ஒரு வீசை புளி, ஓர் உழக்கு உப்பு’ என்றிருக்கும். இரண்டாவதில் ‘மூன்று மா நன்செய்’ என்றிருக்கும். மூன்றாவதில் ‘பத்துப் பவுன் சங்கிலி’ என்றிருக்கும். தில்லியிற் பிறந்து வளர்ந்த பேரன் அத்தாள்களைக் கையிலெடுத்து, ‘தாத்தா, வீசை என்றால் எவ்வளவு?’ என்று வினவுகிறான். எழுத்து அவனுக்குத் தெரிகிறது, அளவு தெரியவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், நம்மிற் பலருக்கும் அது தெரியாது.

அளவைக் குறிக்கும் சொல் பிற சொற்களைப் போன்றது அன்று. ‘அழகு’ என்னும் சொல்லை இருவர் இருவிதமாகப் பொருள் கொண்டால் எவருக்கும் நட்டமில்லை. ‘சேர்’ என்னும் சொல்லை விற்பவர் ஒருவிதமாகவும் வாங்குபவர் வேறுவிதமாகவும் பொருள் கொண்டால், இருவருள் ஒருவர் இழப்பது உறுதி. இந்தச் சொற்கள் எவ்வாறு குழம்பின, பின்னர் எவ்வாறு தெளிந்தன என்பதை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் சென்னை மாகாணத்திலிருந்து கல்கத்தாவிற்கு உத்தியோகத்தின் பொருட்டுச் சென்ற ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். சென்னையில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. ஆகவே அக்குடும்பம் அறிந்த சேர் 24 தோலா, அதாவது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 280 கிராம். கல்கத்தாவிலோ சேர் என்பது 80 தோலா. அஃதாவது 933 கிராம். அங்கிருந்து பம்பாய்க்கு மாற்றலாகிச் சென்றால், அந்நகரின் பழைய சேர் ஏறக்குறைய 318 கிராம். சொல் ஒன்று, நிறை மூன்று. மணங்கின் கதியும் அதுவே. நம்முடைய மணங்கு 11 கிலோவிற்குச் சற்று மேற்பட்டது. வடக்கே ‘மன்’ என வழங்கியது 37 கிலோவிற்கும் மேற்பட்டது. ஓசையால் உறவுகொண்ட இவ்விரு சொற்களும் நிறையால் மும்மடங்கிற்கு மேல் விலகி நின்றன. ஊருக்குக் கடிதம் எழுதி, ‘இங்கே பருப்பு சேர் இன்ன விலை’ என்று தெரிவித்தால், படிப்பவர் கல்கத்தாவிற் பருப்பு விலை நெருப்பாக இருக்கிறது என்றே எண்ணியிருப்பர்.

முகத்தல் அளவை இதனினும் சிக்கலானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்னும் வாய்பாடு தமிழ்நாட்டிற் பரவலாக வழங்கியது. ஆனால் அந்தப் படியின் கொள்ளளவு எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. பட்டணம் படி என்றும், பெரிய படி என்றும், சின்னப் படி என்றும் வழங்கிய அடைமொழிகளே அதற்குச் சான்று. வாய்பாடு ஒழுங்காக இருந்தது. அவ்வாய்பாட்டின் அடிப்படைதான் ஊருக்கு ஊர் மாறிற்று.

நம் முன்னோர் இக்குறையை அறியாதவர் அல்லர். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்தால் இது விளங்கும். கோயிலுக்கு அளித்த பொன் இத்தனை கழஞ்சு என்பதோடு அவை நின்றுவிடவில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லால் நிறுத்தது என்று, நிறுத்த கல்லின் பெயரையும் பொறித்தனர். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுக்கத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் வேறொரு கல் இருந்தது. நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். அளவின் பெயரை மட்டும் சொன்னாற் போதாது, எந்தப் படிக்கல்லால் அளந்தது என்பதையும் சொல்லவேண்டும் என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அக்கல்வெட்டுகளில் இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1833-ஆம் ஆண்டு, 180 கிரெயின் நிறையுள்ள தோலா வங்காளத்தில் அடிப்படை அளவாக்கப்பட்டது. 1835-இல் வெளிவந்த வெள்ளி ரூபாயும் அதே நிறையுடையது. ‘ஒரு ரூபாய் எடை’ என்று வைத்தியக் குறிப்புகளிற் காணும் சொல் இதனின்று வந்ததே. பின்னர் 1939-இல் நிறைக்கெனத் தனிச் சட்டம் ஒன்று வந்தது. 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு என்று அது விதித்தது. எனினும், சட்டப் புத்தகத்திற் புகுந்த அளவு கடைத்தெருவில் எளிதிற் புகவில்லை. நாடு விடுதலை பெற்றபொழுது பழைய சேர்களும் பழைய படிகளும் அவ்வவ்விடங்களில் உயிரோடு இருந்தன.

இனி, மெட்ரிக் முறை பிறந்த பிரான்சு நாட்டைச் சிறிது நோக்குவோம். அங்கும் புரட்சிக்கு முன் இதே குழப்பம்தான். 1791-இல் அந்நாட்டு அறிவியற் கழகம், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கினை நீட்டல் அளவையின் அடிப்படையாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. தெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானியலறிஞர்கள் 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை நிலத்தை அளந்தனர். அளத்தல் ஒருபுறம் நடக்க, பெயரிடுதல் மற்றொருபுறம் நடந்தது. கிலோகிராமுக்கு 1793-இல் இட்ட முதற் பெயர் ‘கிராவ்’ என்பது. 1795 ஏப்ரல் 7-ஆம் நாள் வந்த சட்டம் அதனை நீக்கி, கிராம் என்னும் சிறிய அளவினை அடிப்படைப் பெயராக்கிற்று. கிராம் மிகச் சிறியதாகையால், ஆயிரம் கிராம் கொண்ட நிறையே படிக்கல்லாயிற்று. அடிப்படை அலகாக இருந்தும் ‘கிலோ’ என்னும் முன்னொட்டைக் கிலோகிராம் இன்றும் சுமந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

அச்சட்டம் வகுத்த பெயர் முறை மிக எளியது. பெருக்கலைக் குறிக்கக் கிரேக்கச் சொற்கள்: டெக்கா என்றாற் பத்து, ஹெக்டோ என்றால் நூறு, கிலோ என்றால் ஆயிரம். வகுத்தலைக் குறிக்க இலத்தீன் சொற்கள்: டெசி என்றாற் பத்தில் ஒன்று, சென்டி என்றால் நூற்றில் ஒன்று, மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. இந்த ஆறு முன்னொட்டுகளையும் மீட்டர், கிராம், லிட்டர் என்னும் மூன்று பெயர்களையும் கற்றவர் பதினெட்டுப் புதுச் சொற்களைக் கற்றவர் ஆவார்.

ஆயினும் மக்கள் இப்பெயர்களை உடனே ஏற்கவில்லை. ஆதலால் 1800-இல் அந்நாட்டு அரசு, புதிய அளவுகளைப் பழைய பெயர்களால் அழைக்கலாம் என்று இணங்கிற்று. கிலோகிராமை ‘லீவர்’ என்று கூறலாம் என்றாயிற்று. பழைய லீவரோ 490 கிராமுக்கும் சற்றுக் குறைந்தது. 1812-இல் நெப்போலியன் காலத்தில் மற்றொரு மாற்றம் வந்தது. லீவர் என்பது 500 கிராம் என்றனர். ஒரு தலைமுறைக்குள் ஒரே சொல் மூன்று நிறைகளைக் குறித்தது. இறுதியில் 1837-இற் சட்டம் இயற்றி, 1840 சனவரி முதல் நாளிலிருந்து மீட்டர், கிலோகிராம் என்னும் பெயர்களும் அளவுகளுமே செல்லும் என்று முடிவு செய்தனர். பழைய பெயருக்குப் புதிய அளவைக் கொடுத்தாற் குழப்பம் குறைவதில்லை, ஒரு குழப்பம் கூடுகிறது என்பதே பிரான்சு கற்ற பாடம்.

இந்தியாவும் இதே பிழையின் வாயில்வரை சென்று திரும்பியது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாட்டின் அடிப்படை நிறைக்குச் ‘சேர்’ என்று பெயரிட்டு, அச்சேர் பிரான்சு நாட்டுக் கிலோகிராமுக்குச் சமம் என்று விதித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. வந்திருந்தால், 280 கிராம் சேர், 318 கிராம் சேர், 933 கிராம் சேர் ஆகியவற்றோடு 1000 கிராம் சேர் ஒன்றும் கூடியிருக்கும்.

விடுதலைக்குப் பின் முதலில் மாறியது நாணயம். 1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பெற்று, 1957 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ரூபாய்க்கு நூறு காசு என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா. அணாவிற்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. வடக்கே பைசா எனப்பட்டது நம்முடைய காலணா, ரூபாய்க்கு 64. புதிய காசுக்கும் பைசா என்றே பெயரிட்டால், 64-இல் ஒன்றா, 100-இல் ஒன்றா என்னும் ஐயம் எழும். இதனைத் தவிர்க்கவே ‘நயா பைசா’, அதாவது புதிய பைசா, என்று அடைமொழி சேர்த்தனர். அதுமட்டுமன்று, ‘ரூபாயின் நூறில் ஒரு பாகம்’ என்னும் பொருளுடைய இந்தி வாசகத்தையும் அந்நாணயத்திலேயே பொறித்தனர். பழைய பைசா வழக்கொழிந்த பின், 1964 சூன் முதல் நாள் ‘நயா’ என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. ஐயம் இருக்கும்வரை அடைமொழி இருந்தது. ஐயம் தீர்ந்ததும் அது விலகிற்று. பெயரிடுவோர் இதனை ஒரு நல்ல முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இங்கே ஒரு சொல்லை விளக்குதல் நலம். நாணயத்தில் வந்தது தசாம்ச முறை. அதாவது பத்தின் அடுக்குகளாற் பகுக்கும் முறை. மெட்ரிக் முறை என்பது மீட்டரையும் கிலோகிராமையும் அடிப்படையாகக் கொண்ட அளவை முறை. மெட்ரிக் முறை தசாம்ச முறையைப் பின்பற்றுகிறது. ஆனால் தசாம்ச முறையிலுள்ளவை எல்லாம் மெட்ரிக் அளவை ஆகா. ஏக்கரை நூறு சென்ட்டாகப் பகுப்பது தசாம்சப் பகுப்பே. எனினும் ஏக்கர் மெட்ரிக் அளவு அன்று.

அளவைகட்கான சட்டத்தைப் பாராளுமன்றம் 1956 திசம்பரில் நிறைவேற்றிற்று. 1958 அக்டோபர் முதல் நாள் தொடங்கி அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சிறிது காலம் பழைய முறையும் புதிய முறையும் ஒருங்கே செல்லுபடியாயின. 1962 ஏப்ரலில் பழைய முறைகள் விலக்கப்பட்டன. பழைய பெயருக்குப் புதிய அளவைப் பூட்டாமல், மீட்டர், கிலோகிராம், லிட்டர் என்னும் உலகப் பெயர்களையே இச்சட்டம் ஏற்றுக்கொண்டது. 1871-இற் செய்யவிருந்த பிழை இவ்வாறு தவிர்க்கப்பட்டது.

புதிய முறைக்கு உரிய படிக்கல்லைக் காக்கும் பொறுப்பு புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தினுடையது. அனைத்துலகக் கிலோகிராமின் 57-ஆம் எண்ணுள்ள படி அங்கே பேணப்படுகிறது. அவ்வாய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக 1947 முதல் 1961 வரை விளங்கியவர், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஊரை விட்டுத் தலைநகர் சென்ற தமிழர் ஒருவர் தலைமை தாங்கிய கூடத்தில் நாட்டின் நிறைகளுக்கெல்லாம் அடிப்படையான கல் வைக்கப்பட்டது என்பது, வெளி மாநிலத் தமிழர்களாகிய நமக்கு உவகை தரும் செய்தி. 2019 மே 20 முதல் உலகம் முழுவதும் கிலோகிராம் ஓர் உலோகக் கட்டியைக் கொண்டன்றி, ‘பிளாங்க் மாறிலி’ என்னும் இயற்கை மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. படிக்கல் மாறிற்று, பெயரும் அளவும் மாறவில்லை. இன்று நடைமுறையிலிருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்.

புதிய சொற்களிலும் நாம் கருத்தூன்ற வேண்டிய இடங்கள் சில உண்டு. டெக்காமீட்டர், டெசிமீட்டர் என்னும் இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கும். முன்னது பத்து மீட்டர். பின்னது பத்தில் ஒரு மீட்டர். இரண்டிற்கும் நூறு மடங்கு வேற்றுமை. ‘டன்’ என்னும் சொல்லிலும் இருமை உண்டு. ஆங்கில டன் 2240 ராத்தல், அதாவது 1016 கிலோ. மெட்ரிக் டன் 1000 கிலோ. குவிண்டால் என்பது 100 கிலோ. 112 ராத்தல் கொண்ட பழைய அந்தரோடு அதனை மயங்குதல் கூடாது. ‘கிலோ’ என்பதற்குத் தனியே ஆயிரம் என்பதே பொருள். கடைத்தெருவில் ‘ஒரு கிலோ’ என்றாற் கிலோகிராம் என்று எல்லோரும் அறிவர். எழுத்தில் மட்டும் முழுப் பெயரை எழுதுதல் நன்று. அறிவியல் நூல்களில் ‘நிறை’ என்பது பொருளின் அளவையும், ‘எடை’ என்பது புவி அதனை ஈர்க்கும் விசையையும் குறிக்கும். கிலோகிராம் என்பது நிறையின் அலகு. கடையில் எடை என்று சொல்லுவதைக் குற்றமாகக் கொள்ளவேண்டுவதில்லை. பாடம் பயிலும் பிள்ளைகட்கு மட்டும் இவ்வேறுபாட்டை உணர்த்துதல் வேண்டும்.

நிலத்தைப் பற்றிய சொற்களே நமக்கு மிகுந்த பயன் தருவன. நூறு சதுர மீட்டர் ஓர் ‘ஏர்’. நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். உழும் ஏரையும் இந்த ஏரையும் குழப்பிக்கொள்வாரில்லை. ஆயின் ஏரையும் ஏக்கரையும் குழப்பிக்கொள்வார் உண்டு. பட்டாவில் 40.5 ஏர் என்று கண்டால், அது நாற்பது ஏக்கர் அன்று. ஏறக்குறைய ஒரே ஏக்கர். தஞ்சைப் பகுதியில் வழங்கிய வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது. இருபது மா ஒரு வேலி. எனவே பெட்டியிலுள்ள பத்திரத்திற் கண்ட மூன்று மா நன்செய்யும் ஏறக்குறைய ஓர் ஏக்கரே. வங்காளத்து பிகா ஓர் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அஃதாவது நம்முடைய மாவிற்கு நெருங்கியது. உத்தரப்பிரதேசத்தின் பக்கா பிகாவோ எட்டில் ஐந்து பங்கு. ஆகவே ‘பிகா’ என்று கேட்டவுடன், ‘எவ்விடத்து பிகா?’ என்று வினவுதல் அறிவுடைமை.

இவ்வந்நியப் பெயர்களுக்குத் தமிழில் இடமுண்டா என்று கேட்பார் உளர். தொல்காப்பியம், அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் க, ச, த, ப, ந, ம, வ என்னும் ஏழு மெய்களையும் அகர உகரங்களையும் முதலாகக் கொண்டு வரும் என்று கணக்கிட்டுச் சொல்லுகிறது. கலம், நாழி, உழக்கு, பலம் எல்லாம் இவ்விதிக்குள் அடங்கும். வியப்பு என்னவெனின், புதிதாக வந்த கிலோகிராமும் கிராமும் ககர வரிசையிலும், மீட்டர் மகர வரிசையிலும் அடங்கிவிடுகின்றன. லிட்டரும் டன்னும் மட்டும் வெளியே நிற்கின்றன. நம் மொழி இவற்றையும் மறுக்கவில்லை. அரை, கால், அரைக்கால் என்னும் நம்முடைய பின்னப் பெயர்களைச் சேர்த்து, ‘அரைக்கிலோ’, ‘கால் லிட்டர்’ என்று ஆக்கித் தமிழர் அவற்றைத் தம்வயப்படுத்திக்கொண்டனர்.

பழைய சொற்களும் முற்றும் அழிந்துவிடவில்லை. மைல் போயிற்று, மைல்கல் இருக்கிறது. உழக்கு அடுப்பங்கரையை விட்டு அகன்றது. ‘உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா?’ என்னும் பழமொழி நிற்கிறது. பொன்னில் மட்டும், பழைய பெயரே புதிய அளவை ஏற்றுக்கொண்டது. தமிழகத்திற் பவுன் என்றால் எட்டு கிராம். வடக்கே தோலா என்னும் பெயரைப் பத்து கிராமுக்கு வழங்குவோர் பலர். பழைய தோலாவோ 11.66 கிராம். பத்துப் பவுன் சங்கிலி 80 கிராம். அது பத்துக் கிராம் தோலாவில் எட்டு, பழைய தோலாவில் ஏழுக்கும் குறைவு. ஆகையால் வெளியூரில் நகை வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் கேட்க வேண்டியது ‘எத்தனை கிராம்?’ என்னும் ஒரே கேள்வி.

இனி, பேரனுடைய வினாவிற்கு விடை கூறலாம். ஒரு வீசை என்பது 1.4 கிலோ, ஐந்து வீசை ஏழு கிலோ, ஒரு பலம் 35 கிராம். வீசைக்கு விடை கிடைத்தது. உழக்கிற்கோ எந்த நூலும் முழு விடை தராது. பாட்டியின் உழக்கு எந்தப் படியின் காற்பங்கு என்பதை அவ்வீட்டாரே அறிவர். அந்தப் பாத்திரம் ஒருகால் இன்னும் ஊரிலுள்ள பரணில் இருக்கக்கூடும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அதனை எடுத்து, நீர் நிரப்பி, மில்லிலிட்டர் அளவுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்ப்போமாக. கிடைத்த எண்ணை அப்பழைய தாளின் ஓரத்தில் எழுதி வைப்போமாக. பத்திரத்தில் மாவிற்கு அருகே ஏரையும், பட்டியலிற் பவுனுக்கு அருகே கிராமையும் குறித்து வைப்போமாக. எந்தக் கல்லால் நிறுத்தது என்று தஞ்சையிற் பொறித்துவைத்தவர்கள் செய்ததும் இதுவே. அளந்தவர் மறைந்த பின்னும் அவர்கள் சொன்ன சொல் அளவோடு நிற்கவேண்டுமானால், அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்து முடித்தல் வேண்டும்.